காட்டுச் செடிச் சாறு, பீனால் அளவு, ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு: அந்த எண்கள் சொல்வது என்ன?

தாவர வேதியியல் ஆய்விதழ்களைப் புரட்டினால் ஒரே அச்சில் வார்த்தது போன்ற கட்டுரைகள் நிறையக் கண்ணில் படும். யாரும் அதிகம் ஆராயாத ஒரு காட்டுச் செடியின் இலையையோ பட்டையையோ பறித்து, உலர்த்தி, பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டுவார்கள். வடித்த சாற்றில் மொத்த பீனால் இவ்வளவு, ஃபிளேவனாய்டு இவ்வளவு, ஃப்ரீ ராடிக்கல்கள் எனப்படும் தாக்கும் குணமுள்ள மூலக்கூறுகளை அடக்கும் திறன் இவ்வளவு என்று அட்டவணை போடுவார்கள். இந்தச் செடி இயற்கையான ஆன்டிஆக்சிடன்ட்களின், அதாவது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருட்களின், நல்ல மூலம் என்று கட்டுரை முடியும். அந்த வரி செய்தியாகும்போது "முதுமையைத் தள்ளிப்போடும் மூலிகை" ஆகிவிடுகிறது. விளம்பரத்துக்குப் போனால் மாத்திரையாகவே ஆகிவிடுகிறது.

அட்டவணையில் உள்ள எண்கள் பெரும்பாலும் முறையாக அளக்கப்பட்டவைதான். அவை எதை அளக்கின்றன என்று கேட்காமல் விட்டுவிடுவதில்தான் சிக்கல் இருக்கிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை ஒரே ஒரு வேதிக் குணத்தைத்தான் அளக்கின்றன: சாற்றில் இருக்கும் பொருட்கள் எவ்வளவு எளிதாக எலக்ட்ரானை விட்டுக்கொடுக்கின்றன என்பது. அது பயனுள்ள தகவல். ஆனால் அந்தச் செடி மனித உடலுக்குள் என்ன செய்யும் என்பதற்கு அதிலிருந்து நேர்வழி கிடையாது.

செடிக்கு இது எதற்கு?

ஆறு கார்பன் அணுக்கள் வளையமாகக் கைகோத்தது பென்சீன். அந்த வளையத்தில் ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதி நேரடியாக ஒட்டியிருந்தால் அது பீனால். இந்த அமைப்பு ஒன்றோ பலவோ உள்ள எல்லாவற்றையும் பீனாலிக் சேர்மங்கள் என்கிறோம். தாவரங்களில் இதுவரை 8,000-க்கும் மேற்பட்ட பீனாலிக் அமைப்புகள் அடையாளம் காணப்பட்டுள்ளன. ஒற்றை வளையம் கொண்ட காலிக் அமிலம், கஃபீயிக் அமிலம், ஃபெருலிக் அமிலம் ஆகியவை சிறியவை. குவெர்செட்டின், கேட்டகின், பூக்களுக்குச் சிவப்பும் நீலமும் தரும் ஆந்தோசயனின்கள் ஆகியவை ஃபிளேவனாய்டு குடும்பம். வாயில் துவர்ப்பாக இழுப்பவை டானின்கள். மரத்தை மரமாக நிற்கவைக்கும் லிக்னினும் இந்த வம்சம்தான்.

இவை எல்லாமே ஷிகிமேட் வழி எனப்படும் வேதிப் பாதையில் உருவாகின்றன என்று சொல்லிவிடலாம், விதிவிலக்குகள் குறைவு. செடி ஒளிச்சேர்க்கையில் பிடிக்கும் கார்பனில் சுமார் 20 சதவீதமோ அதற்கு மேலோ இந்தப் பாதையில் போவதாக மதிப்பிடுகிறார்கள். பாதையின் முடிவில் கிடைக்கும் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஒரு நொதி அமோனியாவைக் கழற்றிவிடுகிறது. அங்கிருந்து ஆயிரக்கணக்கான பீனாலிக் சேர்மங்களாகக் கிளை பிரிகிறது. விலங்குகளுக்கு இந்தப் பாதையே இல்லை. கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி செடியைக் கொல்வதும் இதே பாதையின் ஒரு நொதியை முடக்கித்தான்.

ஒரு செடி இவ்வளவு கார்பனைச் செலவிட்டு இவற்றைச் செய்வது நம் ஆரோக்கியத்துக்காக அல்ல. வெயிலில் நிற்கும் இலையால் நிழலுக்கு ஒதுங்க முடியாது. புற ஊதா பி கதிர் பட்டதும் யூவிஆர்8 என்ற புரதம் அதை உணர்ந்து, ஃபிளேவனாய்டு தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. மேல்தோல் செல்களில் குவியும் ஃபிளேவனாய்டுகள் அந்தக் கதிரை உறிஞ்சி உள்ளே இருக்கும் டிஎன்ஏவைக் காக்கின்றன. பூஞ்சை தாக்கினால் சில பீனாலிக் சேர்மங்கள் நஞ்சாக வேலை செய்கின்றன. மேயும் விலங்கின் வாயில் டானின் புரதங்களைக் கெட்டியாகப் பிடித்து, தழையைச் சுவையற்றதாகவும் செரிக்கக் கடினமானதாகவும் ஆக்குகிறது. அவரைக் குடும்பச் செடிகளின் வேர்கள் ஃபிளேவனாய்டுகளைக் கசியவிட்டு ரைசோபியம் பாக்டீரியாக்களை அழைக்கின்றன. நைட்ரஜனைப் பிடித்துத் தரும் வேர் முடிச்சு அந்த அழைப்பில்தான் தொடங்குகிறது.

காட்டுச் செடிகளின் சாறு சோதனைகளில் பலமுறை முன்னால் வருவதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. பயிராக வளர்க்கும்போது மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகக் கசப்பும் துவர்ப்பும் குறைந்தவற்றைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் கசப்பிலும் துவர்ப்பிலும் பெரும்பங்கு பீனாலிக் சேர்மங்களுடையது. காட்டில் நிற்கும் செடிக்கு அந்தத் தேர்வு நடக்கவில்லை. பூச்சிமருந்து, பாசனம், உரம் என்ற துணையும் இல்லை.

இதிலிருந்து ஒரு விஷயத்தை மறக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். பீனால் அளவு என்பது ஓர் இனத்துக்கு என்று நிரந்தரமாக எழுதிவைத்த எண் கிடையாது. உயர்ந்த மலையில் பறித்த இலையும் தாழ்நிலத்தில் பறித்த இலையும் வேறு எண் காட்டும். இளந்தளிர் ஒன்று சொல்லும், முற்றிய இலை வேறொன்று சொல்லும். வறட்சி, பூக்கும் பருவம், பூச்சிக்கடி என எல்லாமே அளவை மாற்றும். "இந்தச் செடியில் இவ்வளவு பீனால்" என்று ஒரு கட்டுரை சொன்னால், அந்த இடத்தில், அந்தப் பருவத்தில் பறித்த அந்தக் கைப்பிடி இலையில் அவ்வளவு என்றுதான் அதற்குப் பொருள். அதனால்தான் நல்ல ஆய்வுகள் பறித்த இடம், நாள், செடியின் பகுதி எல்லாவற்றையும் எழுதி, உலர்த்திய மாதிரி ஒன்றை ஹெர்பேரியம் எனப்படும் உலர்தாவரக் காப்பகத்தில் எண்ணிட்டு வைக்கின்றன. அந்த எண் இல்லாத கட்டுரையில் ஆராய்ந்தது எந்தச் செடி என்பதையே பிற்காலத்தில் யாராலும் சரிபார்க்க முடியாது.

கரைப்பான் தேர்ந்தெடுப்பதைத்தான் நாம் அளக்கிறோம்

சாறு என்றால் செடி முழுவதும் அதில் வந்துவிட்டது போல ஒரு எண்ணம் வருகிறது. உண்மையில் ஒவ்வொரு கரைப்பானும் தனக்குப் பிடித்ததை மட்டும் இழுத்துக்கொள்கிறது. ஹெக்சேன் கொழுப்பையும் மெழுகையும் எடுக்கும். பெரும்பாலான பீனாலிக் சேர்மங்களைத் தொடாது. எத்தில் அசிடேட் நடுத்தரத் துருவத்தன்மை கொண்ட ஃபிளேவனாய்டுகளை நன்றாக எடுக்கும். வெறும் தண்ணீரில் சர்க்கரையும் புரதமும் உப்பும் சேர்ந்தே வரும். தண்ணீர் கலந்த மெத்தனாலோ எத்தனாலோ பரவலாகப் பயன்படுவதற்குக் காரணம், தனி ஆல்கஹாலையும் தனி நீரையும் விட அந்தக் கலவை அதிக வகைகளை இழுப்பதுதான். டானின் அதிகமுள்ள செடிக்கு 70 சதவீத அசிட்டோன் நல்ல தேர்வு. டானினும் புரதமும் பிணைந்திருப்பதை அது தளர்த்திவிடும்.

எந்தக் கரைப்பானுக்கும் மசியாத ஒரு பகுதியும் உண்டு. ஃபெருலிக் அமிலம் போன்றவை செல் சுவரின் சர்க்கரைச் சங்கிலிகளோடு வேதிப்பிணைப்பில் கட்டுண்டு கிடக்கும். காரத்தில் சிதைத்தால்தான் வெளியே வரும். வழக்கமான சாற்றுச் சோதனைகளில் இவை கணக்கிலேயே வருவதில்லை. வடிகட்டித் தூக்கிப்போடும் சக்கையோடு போய்விடுகின்றன.

உலர்த்துவதும் சின்ன விஷயமல்ல. இலையைக் கசக்கியதும் செல்லுக்குள் தனித்தனி அறைகளில் இருந்த பீனாலிக் சேர்மங்களும் பாலிபீனால் ஆக்சிடேஸ் நொதியும் சந்தித்துக்கொள்கின்றன. இலை பழுப்பாகிறது, அளக்க வந்த பொருளே குறைகிறது. மெதுவாக உலர்த்தினால் நொதிக்கு அதிக நேரம் கிடைக்கும். அதிகச் சூட்டில் உலர்த்தினால் வெப்பம் தாங்காதவை சிதையும். உறைநிலையில் உலர்த்துவது பெரும்பாலும் பாதுகாப்பானது, ஆனால் செலவு அதிகம்.

வாசகர்கள் அதிகம் ஏமாறும் இடம் அலகு. ஒரு கட்டுரை "ஒரு கிராம் சாற்றுக்கு" என்று எண் தரும், இன்னொன்று "ஒரு கிராம் உலர்ந்த செடிக்கு" என்று தரும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு செடியின் சாற்றில் கிராமுக்கு 200 மில்லிகிராம் பீனால் என்று வைத்துக்கொள்வோம். 100 கிராம் பொடியிலிருந்து 5 கிராம் சாறுதான் கிடைத்தது என்றால், செடியின் ஒவ்வொரு கிராமிலும் இருப்பது 10 மில்லிகிராம். இன்னொரு செடியின் சாற்றில் கிராமுக்கு 80 மில்லிகிராம்தான்; ஆனால் 100 கிராம் பொடிக்கு 25 கிராம் சாறு கிடைத்தது. அந்தச் செடியில் கிராமுக்கு 20 மில்லிகிராம் இருக்கிறது. சாற்றின் எண்ணில் முதல் செடி இரண்டரை மடங்கு மேல். செடியின் எண்ணில் இரண்டாவது இரட்டிப்பு. சாறு எவ்வளவு கிடைத்தது என்ற ஒரே எண்ணைக் கட்டுரை தரவில்லை என்றால் இந்த ஒப்பீடே முடியாது.

நீலமாக மாறும் திரவம்

மொத்த பீனால் அளவு எனப்படுவது ஏறக்குறைய எப்போதும் ஃபோலின்-சியோகால்ட்டியூ சோதனையின் முடிவு. ஒட்டோ ஃபோலினும் விந்திலா சியோகால்ட்டியூவும் 1927-இல் வெளியிட்ட அந்தக் கரைசலை அவர்கள் உருவாக்கியது செடிகளுக்காக அல்ல. புரதங்களில் உள்ள டைரோசினையும் டிரிப்டோஃபனையும் அளக்கத்தான். 1965-இல் சிங்கிள்டனும் ரோஸியும் அதைத் திராட்சை மதுவின் பீனால் அளவுக்காகச் சீரமைத்தார்கள். அங்கிருந்து உலகத்தின் எல்லாத் தாவர ஆய்வகங்களுக்கும் அது பரவியது.

கரைசலில் மாலிப்டினமும் டங்ஸ்டனும் கலந்த சிக்கலான அமிலங்கள் மஞ்சள் நிறத்தில் இருக்கின்றன. காரச் சூழலில் பீனால் அவற்றுக்கு எலக்ட்ரானைக் கொடுத்தால் நீலமாக மாறுகின்றன. 765 நானோமீட்டர் அலைநீளத்தில் எவ்வளவு ஒளி உறிஞ்சப்படுகிறது என்று பார்த்து, காலிக் அமிலத்தை வைத்துப் போட்ட அளவுக்கோட்டோடு ஒப்பிடுகிறார்கள். "கிராமுக்கு இத்தனை மில்லிகிராம் காலிக் அமிலச் சமானம்" என்ற அலகு இப்படி வருவதுதான். சாற்றில் காலிக் அமிலம் ஒரு துளிகூட இல்லாமலும் இருக்கலாம்.

அந்தக் கரைசலுக்குப் பீனாலைத் தனியாக அடையாளம் தெரியாது என்பது இதில் முக்கியமானது. எலக்ட்ரான் தரும் எதுவும் அதை நீலமாக்கும். வைட்டமின் சி நீலமாக்கும். சில சர்க்கரைகள் ஆக்கும், சல்பைட் ஆக்கும். 1951-இல் வந்த லோரி முறை இதே கரைசலைக் கொண்டு புரதத்தையே அளக்கிறது. காட்டு ரோஜாக் கனிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 100 கிராமில் பல நூறு மில்லிகிராம், சில நேரம் அதற்கும் மேல் வைட்டமின் சி இருக்கும் கனி அது. அதன் சாற்றை நேரடியாக இந்தச் சோதனையில் வைத்தால், "மொத்த பீனால்" என்று வரும் எண்ணில் ஒரு பங்கு பீனாலே இல்லை. வைட்டமின் சியைத் தனியாக அளந்து கழிக்கும் ஆய்வுகள் இருக்கின்றன. கழிக்காதவை அவற்றைவிட அதிகம்.

மொத்த ஃபிளேவனாய்டு அளவுக்கு அலுமினியம் குளோரைடு முறை. அலுமினியம் சில ஃபிளேவனாய்டுகளோடு சேர்ந்து மஞ்சள் நிறக் கூட்டுப்பொருள் ஆகிறது. குவெர்செட்டின் போன்றவை நன்றாகச் சேரும். கேட்டகின்களும் ஃபிளேவனோன்களும் அந்த அலைநீளத்தில் சரியாகத் தென்படாது. ஆக, "மொத்த" என்ற அடைமொழி இங்கே பொருந்தாது.

ஊதா மறைவதும் ஐசி50-ம்

1922-இல் கோல்ட்ஷ்மிட், ரென் என்ற இருவர் ஒரு வினோதமான மூலக்கூறைக் கண்டார்கள். ஃப்ரீ ராடிக்கல் என்றால் இணையில்லாத எலக்ட்ரான் ஒன்றோடு அலையும் மூலக்கூறு. பொதுவாக நொடியின் சிறு பங்கில் எதையாவது தாக்கி மறைந்துவிடும். இதுவோ பாட்டிலில் பொடியாகவே இருந்தது. டைஃபினைல் பிக்ரைல்ஹைட்ராசில் என்ற நீண்ட பெயரைச் சுருக்கி டிபிபிஎச் என்கிறார்கள். அடர் ஊதா நிறம். ஹைட்ரஜனோ எலக்ட்ரானோ கிடைத்தால் வெளிர் மஞ்சளாகிவிடும். 1958-இல் மார்ஸ்டன் பிளாய்ஸ் இதை ஆன்டிஆக்சிடன்ட் திறனை அளக்கப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். நிறத்தின் அடர்த்தியை அளக்கும் ஒரு நிறமானியும் ஒரு பாட்டில் பொடியும் போதும். அரை மணி நேரத்தில் முடிவு வந்துவிடும். உலகம் முழுவதும் சிறிய ஆய்வகங்கள்கூட இந்தத் துறைக்குள் வர முடிந்ததற்கு இந்த எளிமைதான் காரணம், அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

பீனால் ஏன் இதில் நன்றாக வேலை செய்கிறது? ஹைட்ரஜனை விட்டுக்கொடுத்த பின் பீனாலும் ஒரு ராடிக்கல்தான். ஆனால் அந்த இணையற்ற எலக்ட்ரான் வளையம் முழுவதும் பரவிக்கிடப்பதால் அது சாதுவாக இருக்கிறது, வேறு எதையும் தாக்க அவசரப்படுவதில்லை. அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில்கள் இருந்தால் இன்னும் வசதி. குவெர்செட்டினுக்கும் கெம்ப்ஃபெராலுக்கும் உள்ள வேறுபாடு ஒரே ஒரு ஹைட்ராக்சில். அந்த ஒன்று கூடுதலாக இருப்பதால் குவெர்செட்டின் பல சோதனைகளில் தெளிவாக முந்துகிறது.

முடிவை ஐசி50 என்று சொல்வார்கள். ஊதா நிறத்தில் பாதியை மறைக்க எவ்வளவு சாறு தேவை என்பது அதன் பொருள். எண் சிறியதானால் திறன் பெரிது. இதை ஒரு பொருளின் நிலையான குணம் போல, உருகுநிலை போல, கட்டுரைகளுக்கு இடையே ஒப்பிடுகிறார்கள். அது தவறு. ராடிக்கல்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அவற்றை அடக்கத் தேவையான சாறும் கூடும். 0.1 மில்லிமோலார் செறிவுள்ள டிபிபிஎச்சை வைத்து அளந்தபோது ஐசி50 மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராம் வந்தால், அதே சாறு 0.2 மில்லிமோலாரில் ஏறக்குறைய 40 காட்டும். செடி மாறவில்லை, சாறு மாறவில்லை. காத்திருக்கும் நேரத்தை மாற்றினாலும் எண் மாறும், ஏனென்றால் சில சேர்மங்கள் நொடிகளில் வினைபுரிகின்றன, சில மணிக்கணக்கில். ஆந்தோசயனின் உள்ள சாறு தானே 520 நானோமீட்டர் அருகில் ஒளியை உறிஞ்சும். டிபிபிஎச் அளக்கப்படுவதோ 517-இல். சாற்றின் சொந்த நிறத்தைத் தனியே அளந்து கழிக்காவிட்டால் நல்ல சாறும் மந்தமாகத் தெரியும். இதற்கெல்லாம் பரிகாரம் எளிது. அதே நாளில், அதே கரைசலில் வைட்டமின் சியையோ, வைட்டமின் ஈயைப் போன்ற டிரோலாக்ஸையோ சேர்த்து அளந்து அதோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

டிபிபிஎச்சோடு வேறு சில சோதனைகளையும் சேர்ப்பது வழக்கம். ஏபிடிஎஸ் சோதனையில் நீலப்பச்சை நிறம் மறைகிறது, 734 நானோமீட்டரில் பார்ப்பார்கள். 1996-இல் பென்சியும் ஸ்ட்ரெய்னும் கொண்டுவந்த ஃபிராப் சோதனையில் இரும்பின் ஃபெரிக் நிலை ஃபெரஸ் நிலையாக மாறி நீலம் தோன்றுகிறது.

இப்போது இந்தக் கட்டுரைகளின் உச்சகட்ட வாக்கியத்துக்கு வருவோம். "மொத்த பீனால் அளவுக்கும் ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனுக்கும் வலுவான தொடர்பு காணப்பட்டது, எனவே திறனுக்குக் காரணம் பீனாலிக் சேர்மங்களே." கூடவே ஒரு நேர்கோட்டு வரைபடம் இருக்கும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே சொன்னதைத் திரும்பிப் பாருங்கள். ஃபோலின் கரைசலில் சாறு உலோக அமிலத்துக்கு எலக்ட்ரானைத் தருகிறது. ஃபிராப்பில் இரும்புக்குத் தருகிறது. டிபிபிஎச்சிலும் ஏபிடிஎஸ்ஸிலும் பெரும்பாலும் ராடிக்கலுக்குத் தருகிறது. நான்கிலும் நிறமானி காட்டுவது எலக்ட்ரான் கைமாறிய அளவைத்தான். ஒரே மனிதனை மீட்டரிலும் அடியிலும் அளந்துவிட்டு இரண்டு அளவுக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது என்று வியப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. டெஜியன் ஹுவாங், பாக்சின் ஔ, ரொனால்ட் பிரையர் மூவரும் 2005-இல் எழுதிய மதிப்பாய்வில் ஃபோலின் சோதனையையே எலக்ட்ரான் பரிமாற்றச் சோதனைகளின் வரிசையில் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் இந்தத் தொடர்பை ஒரு கண்டுபிடிப்பாக எழுதுவது எனக்கு வருத்தம் தருகிறது. உழைப்பைக் கொட்டிச் செடி தேடிப் போனவர்கள், அந்தச் செடிக்கே உரிய கேள்வியைக் கேட்காமல் திரும்பிவிடுகிறார்கள்.

அந்தச் செடிக்கே உரிய கேள்வி, எந்தச் சேர்மம் என்பது. அதற்கு எச்பிஎல்சி கருவி வேண்டும். சாற்றில் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து, 280 நானோமீட்டரில் எளிய பீனாலிக் அமிலங்களையும், 320 அருகில் கஃபீயிக் வகைகளையும், 360 அருகில் குவெர்செட்டின் வகைகளையும் பார்க்கலாம். நிறை நிறமாலைமானியை இணைத்தால் மூலக்கூறின் எடையும் அது உடையும் விதமும் தெரியும். பிரிந்து வரும் ஒவ்வொரு பகுதியையும் அங்கேயே ராடிக்கல் கரைசலோடு கலந்து, எந்தச் சேர்மம் வரும்போது நிறம் மங்குகிறது என்று பார்க்கும் முறையும் இருக்கிறது. அப்போதுதான் மொத்தத் திறனில் யாருடைய பங்கு எவ்வளவு என்று பேச முடியும்.

உடல் வேறு உலகம்

மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஐசி50 என்றால் மிகச் சிறிய அளவு போலத் தெரிகிறது. குவெர்செட்டினுக்கு அது சுமார் 33 மைக்ரோமோலார். பீனாலிக் சேர்மங்கள் நிறைந்த உணவைச் சாப்பிட்ட பிறகும் ரத்தத்தில் அவற்றில் எந்த ஒன்றும் சில மைக்ரோமோலாரைத் தாண்டுவது அரிது. பல நேரம் ஒன்றுக்கும் கீழேதான். அதுவும் மூல வடிவத்தில் இருப்பதில்லை. குடல் சுவரும் கல்லீரலும் அவற்றின் ஹைட்ராக்சில்களில் சல்பேட்டையும் குளுகுரோனிக் அமிலத்தையும் ஒட்டிவிடுகின்றன. எலக்ட்ரான் கொடுத்துக்கொண்டிருந்த அதே ஹைட்ராக்சில்கள் அடைபட்டுப் போகின்றன. அப்புறம் சிறுநீரில் வெளியேறுகின்றன.

அதே ரத்தத்தில் யூரிக் அமிலம் 200 முதல் 400 மைக்ரோமோலார் அளவில் எப்போதும் இருக்கிறது. அதுவும் எலக்ட்ரான் தரக்கூடியதுதான். ஆப்பிள் சாப்பிட்டதும் ரத்தத்தின் ஆன்டிஆக்சிடன்ட் திறன் ஏறுவதைப் பார்த்துவிட்டு அதை ஃபிளேவனாய்டுகளின் கணக்கில் எழுதிவந்தார்கள். லோட்டிட்டோவும் ஃப்ரையும் அதை ஆராய்ந்தபோது, பழத்தின் ஃபிரக்டோஸை உடல் கையாளும்போது யூரிக் அமிலம் கூடுவதுதான் அந்த ஏற்றத்துக்கு முக்கியக் காரணம் என்று தெரிந்தது.

ராடிக்கல்களைக் கெட்டவை என்று ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. கிருமியை விழுங்கிய வெள்ளணு அதைக் கொல்வதற்காகவே சூப்பராக்சைடைத் தயாரிக்கிறது. அதற்கான நொதி பிறவியிலேயே பழுதான குழந்தைகளுக்குத் தொற்று மேல் தொற்று வருகிறது. ராடிக்கல்கள் எல்லாவற்றையும் அணைத்துவிடுவது நல்லது என்ற எண்ணம், டென்ஹாம் ஹார்மன் 1956-இல் முன்வைத்த முதுமைக் கோட்பாட்டைப் பொதுவெளி மிகவும் எளிமைப்படுத்திக்கொண்டதன் விளைவு. அந்த எண்ணத்துக்குப் பெரிய அடி 1990-களில் விழுந்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த சோதனையில் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. அமெரிக்காவில் நடந்த, கேரட் (CARET) என்ற சுருக்கப்பெயர் கொண்ட ஆய்வில் பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏவும் எடுத்தவர்களுக்கு 28 சதவீதம் அதிகம். 1996-இல் அதை முன்கூட்டியே நிறுத்தினார்கள். பீட்டா கரோட்டின் பீனால் வகை கிடையாது. ஆனால் சோதனைக் குழாயில் நல்ல பெயர் வாங்கிய ஒன்றை மனிதருக்குக் கொடுத்தபோது என்ன ஆனது என்பதற்கு இதைவிடத் தெளிவான பதிவு வேண்டியதில்லை.

ஓராக் என்ற இன்னொரு ஆன்டிஆக்சிடன்ட் சோதனையின் எண்களை உணவுவாரியாகத் தொகுத்து அமெரிக்க வேளாண் துறை வெளியிட்டிருந்தது. துணை உணவு விற்பவர்கள் அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்தினார்கள். அந்த எண்களுக்கும் மனித உடலில் ஏற்படும் விளைவுக்கும் தொடர்பு காட்டப்படவில்லை என்று சொல்லி 2012-இல் துறையே அந்தத் தொகுப்பை விலக்கிக்கொண்டது.

இதற்காகச் செடியின் பீனாலிக் சேர்மங்கள் உடலில் ஒன்றுமே செய்வதில்லை என்று மறுபக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. குறைந்த அளவில்கூட அவற்றால் செல்லின் தொடர்பு வழிகளைத் தொட முடியும். என்ஆர்எஃப்2 என்ற புரதத்தைத் தூண்டி உடலின் சொந்தப் பாதுகாப்பு நொதிகளைக் கூட்டுவது அதில் ஒன்று. டானின் வகையில் ஒன்றான எல்லாஜிடானின்களைக் குடல் நுண்ணுயிர்கள் யூரோலித்தின்களாக மாற்றுகின்றன. எல்லோருடைய குடலிலும் அந்த நுண்ணுயிர்கள் இல்லாததால், ஒரே சாற்றைக் குடித்த இருவருக்குக் கிடைப்பது வேறு வேறு பொருளாக இருக்கும். இவை நிஜமான, செழிப்பான ஆராய்ச்சிக் கேள்விகள். டிபிபிஎச் எண்ணால் மட்டும் இவற்றில் எதற்கும் பதில் சொல்ல முடியாது. செல் வளர்ப்புச் சோதனையிலும் எச்சரிக்கை வேண்டும்: காலிக் அமிலமும் தேயிலையின் கேட்டகின்களும் வளர்ப்பு ஊடகத்திலேயே ஆக்சிஜனோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். புற்றுச் செல்லைச் சாறு கொன்றது என்று எழுதப்படுவதில் சில, தட்டில் உருவான பெராக்சைடின் வேலை.

செறிவாக்கிய சாறு முழுச் செடிக்குச் சமமும் ஆகாது. பச்சைத் தேநீரைப் பலர் காலங்காலமாகக் குடிக்கிறார்கள். அதன் கேட்டகின்களை மாத்திரையாக்கி அவற்றில் முக்கியமான ஈஜிசிஜியை நாளுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ எடுத்தால் கல்லீரல் நொதிகள் உயர்வதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் சுட்டிக்காட்டியது. நன்றாக ஆராயப்பட்ட ஒரு செடியிலேயே இப்படி. காட்டுச் செடிச் சாற்றில் பீனாலோடு அல்கலாய்டுகளும் வேறு நஞ்சுகளும் சேர்ந்தே வரலாம், ஃபோலின் சோதனை அவற்றைப் பற்றி எச்சரிக்காது.

எண்ணெயில் இந்தத் திறன் நேரடியாகப் பலிக்கிறது

எலக்ட்ரானையோ ஹைட்ரஜனையோ கொடுத்து ராடிக்கல் சங்கிலியை அறுக்கும் வேலை உண்மையிலேயே தேவைப்படும் இடம் ஒன்று இருக்கிறது: எண்ணெயும் கொழுப்பும் சிக்குப் பிடிப்பதைத் தடுப்பது. அங்கே குடலும் இல்லை, கல்லீரலும் இல்லை. கொழுப்பமிலத்திலிருந்து ஒரு ஹைட்ரஜன் பறிபோகிறது, அது ஆக்சிஜனோடு சேர்ந்து அடுத்த கொழுப்பமிலத்தைத் தாக்குகிறது, சங்கிலி நீள்கிறது. நடுவில் ஒரு பீனால் தன் ஹைட்ரஜனைக் கொடுத்தால் சங்கிலி அங்கே நிற்கும். பிஎச்ஏ, பிஎச்டி என்ற செயற்கைப் பாதுகாப்பிகளும் பீனால்கள்தான்.

மத்தியதரைக் கடல் ஓரத்துப் பாறைச் சரிவுகளில் தானாக வளரும் ரோஸ்மேரி இதில் முழு தூரம் வந்த செடி. அதன் இலைச் சாறு ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈ392 என்ற எண்ணில் அனுமதி பெற்ற உணவுப் பாதுகாப்பி. ஆய்வாளர்கள் அதன் மொத்த பீனால் எண்ணோடு நின்றுவிடவில்லை. எண்ணெயில் வேலை செய்வது கார்னோசிக் அமிலமும் கார்னோசாலும் என்று பிரித்துக் கண்டார்கள். நீரில் கரையும் ரோஸ்மரினிக் அமிலம் அதே இலையில் நிறைய இருந்தாலும் அதன் இடம் வேறு. எந்த எண்ணெயில், எந்தச் சூட்டில், எவ்வளவு நாள் என்று அளந்தார்கள். இந்த வகை அளவீடுகளில் டிபிபிஎச் தந்த தரவரிசை பலமுறை தலைகீழாகிறது. துருவத்தன்மை கூடிய, அதாவது நீரோடு எளிதில் சேரும், ஆன்டிஆக்சிடன்ட்கள் தனி எண்ணெயில் நன்றாகவும், எண்ணெயும் நீரும் கலந்த பால்மத்தில் மந்தமாகவும் வேலை செய்வது இந்தத் துறையில் பழைய அனுபவம்.

ஈ392-க்கான ஐரோப்பிய விதியில் அனுமதி அளவு எழுதப்பட்டிருப்பது கார்னோசிக் அமிலமும் கார்னோசாலும் சேர்ந்த கூட்டுத்தொகையாகத்தான். காலிக் அமிலச் சமானத்தில் அல்ல.